பானை காலியாகத்தான் இருந்தது

சோறு இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் ஒரு நேரான பதிலை வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். டாக்டர் ஒருவர்தான். காலையில் வரிசை வேப்பமரத்தைத் தாண்டி நிற்கும். அதனால் வருகிறவர்களை முதலில் நான் விசாரித்து, துண்டுத் தாளில் நாலு வரி எழுதி உள்ளே அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. காய்ச்சலையும் சிரங்கையும் எழுதுவது எளிது. தொண்டைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

டாக்டரின் அலமாரியில் தடித்த இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் ஒன்று இருந்தது. மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்காருவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடைசிவரை பெருவிரலில் மை தடவித்தான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முடிய ஒரு வாரம் ஆகும். விழுங்க முடியாமல் போவது தனியாக ஒரு நோய் இல்லை, பத்துப் பதினைந்து நோய்களுக்கு அது அடையாளம், எந்த நோய் என்பதை நோயாளியின் வாயிலிருந்தே பாதி கண்டுபிடித்துவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. கட்டியான ஆகாரம் மட்டும் நிற்கிறதா, தண்ணீரும் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். முதலில் சோறும், பிறகு கஞ்சியும், கடைசியில் தண்ணீரும் நின்றால் உள்ளே ஏதோ வளர்ந்து வழியை அடைக்கிறது. ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒன்றுபோலத் தடுமாறினால் உணவுக்குழாயின் தசையில் கோளாறு. குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பினால் நரம்பைப் பார்க்க வேண்டும். எத்தனை நாளாக, கூடுகிறதா குறைகிறதா, எந்த இடத்தில் நிற்கிறது, விரல் வைத்துக் காட்டு. இவ்வளவுதான். இதைக் கேட்க என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

"கட்டியா இருந்தா மட்டும் அடைக்கா, தண்ணியும் அடைக்கா?"

"எல்லாம் அடைக்கு."

"காலையில காப்பி குடிச்சியளா?"

"குடிச்சேன்."

"அது அடைச்சுதா?"

"அது எப்படி அடைக்கும்? காப்பியில்லா!"

இந்த மாதிரித்தான் போகும். எத்தனை நாளாக என்றால் "ரொம்ப நாளா" என்பார்கள். எந்த இடம் என்றால் தாடையிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு தடவு தடவிக் காட்டுவார்கள். வந்தவர் பொம்பளையாக இருந்தால் வாயே திறக்க மாட்டாள். கூட வந்த புருஷனோ மாமியாரோ பதில் சொல்லுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே தொக்கம். எங்கள் பக்கத்தில் தொண்டையிலோ வயிற்றிலோ தின்றது சிக்கிக்கொண்டது என்றால் தொக்கம் எடுக்கிறவர்களிடம் போவார்கள். கழுத்தை எண்ணெய் போட்டு நீவிவிட்டு, ஒரு குழலை வைத்து உறிஞ்சி, உள்ளே கிடந்ததைத் துப்பிக் காட்டுவார்கள். எது இல்லாவிட்டாலும் அவர்களிடம் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது. என்னிடம் கேள்விகள்தான் இருந்தன.

புளியங்குடி எலுமிச்சம்பழச் சந்தையில் தரகு பார்க்கிற ஒருவர் தை மாதம் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கூட அவருடைய மைத்துனர்.

"மூணு தடவ தொக்கம் எடுத்தாச்சு அண்ணாச்சி. இன்னும் செரியாகல," என்றார் மைத்துனர்.

"என்ன வந்துச்சு?"

"மொதத்தடவ பாக்குத் துண்டு. ரெண்டாந்தடவ முடி. மூணாந்தடவ மீன்முள்ளு."

நான் தரகரைப் பார்த்தேன். "நீங்க மீன் சாப்பிடுவியளா?"

"சிவசிவா! எங்க தெருவுக்குள்ள மீன்காரி கால் வைக்க முடியாது!"

"பெறவு முள்ளு எங்க இருந்து வந்துச்சு?"

"போன பிறவியில தின்னதா இருக்கும்னு தொக்கம் எடுத்த அம்மா சொன்னா," என்றார் மைத்துனர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தரகரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். துண்டு முழுக்க நனைந்திருந்தது. தன் எச்சிலையே அவரால் விழுங்க முடியவில்லை. ஆவணியில் சோறு நின்றிருக்கிறது, ஐப்பசியில் கஞ்சி. அந்த ஐந்து மாதமும் தொக்கத்தில் போயிருந்தது. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர்கள் அங்கே போகாமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பங்குனியில் மைத்துனர் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தபோது, தரகர் இறந்துபோனதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டேன். தொண்டை என்று வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பதில் சொல்லாதவர்களை விடமாட்டேன். "கம்பவுண்டர் வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்று வரிசையில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். முக்கால் நோட்டு நிறைந்தது.

எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, அண்ணனுடைய இரண்டு பிள்ளைகள், நான். அண்ணன் குளத்துக்குக் கீழே வயல் பார்த்தான். தொழுவில் ஒரு கன்று நின்றது. வேறு எல்லா வீட்டையும் போலத்தான் எங்கள் வீட்டிலும் சாப்பாடு. முதலில் அண்ணனும் நானும், பிறகு பிள்ளைகள், பிறகு அம்மா. எல்லாருக்கும் பரிமாறி முடித்து மதினி அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவாள். அரிசி ரேஷனில் இருந்த காலம். பாதி நாள் சோளமும் மக்காச்சோளமும்தான். ஆனாலும் பானையில் மதினிக்கு என்று ஒரு பங்கு கிடக்கும். அம்மா அதில் கணக்குத் தப்பமாட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தினார். "ஏலே கம்பவுண்டரு, ஒங்க கன்னுக்கு ஆஸ்பத்திரியில இருந்து டானிக்கு எதும் கொண்டு வாரியா? எங்க கன்னு வெலா எலும்பத் தூக்கிட்டு நிக்கி. ஒங்களுது கல்யாண மாப்பிள மாதிரில்லா இருக்கு!"

"ஆமா, மூணு வேளையும் ஒரு அவுன்ஸ்," என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தேன். நோட்டுப் போட்டு ஊரைக் கேள்வி கேட்கிற எனக்கு, கன்று ஏன் கொழுக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் ஒரு சாட்சிக்காகக் கோர்ட்டுக்குப் போன நாள், மத்தியானமே ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தெருவில் வைக்கோல் வண்டி அடைத்துக்கொண்டு நின்றதால் சந்து வழியாகச் சுற்றிப் புறவாசலில் நுழைந்தேன். மதினி தொழுவில் இருந்தாள். கும்பாவில் தண்ணீர் ஊற்றிய சோறு. அதைப் பிழிந்து பிழிந்து கன்றின் தொட்டியில் போட்டாள். பிறகு கும்பாவில் மிஞ்சிய தண்ணீரைத் தூக்கிக் குடித்தாள். என்னைப் பார்த்ததும் கும்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"என்ன மதினி இது?"

"மிச்சம் தம்பி. கன்னுக்கு."

"ரேஷன் அரிசியில மிச்சமா?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அத்தைட்டச் சொல்லிராதிய தம்பி. சோத்தக் கொட்டுதேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள இருக்க முடியாது."

"ஏன் கொட்டுதிய?"

"இறங்கலியே. என்ன செய்ய?"

சாணத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே என்னுடைய கேள்விகளைக் கேட்டேன். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில்கள் அங்கேதான் கிடைத்தன. தண்ணீர் போகும், கஞ்சி போகும், சோறு போகாது. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் விரலை வைத்து, "இங்கன நிக்கும்" என்றாள். மூத்தவன் பிறந்த பிறகு ஆரம்பித்தது. சின்னவள் பிறந்த பிறகு கூடிவிட்டது. நாலு வருடம்.

"நாலு வருசமா யாருட்டயும் சொல்லலியா?"

"சொல்லாம? அத்தைதான் தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போனாவ. ரெண்டாந்தடவ ஒரு முடிச்சு முடி வந்துட்டு. இனி செரியாப் போவும்னு எல்லாரும் சொன்னாவ. நானும் செரின்னுட்டேன்."

"செரியாச்சா?"

"முடியத்தான் எடுத்தாச்சே தம்பி. பெறவும் இறங்கலேன்னு எப்படிச் சொல்லுவேன்? சோம்பல்னு நெனப்பாவ."

எனக்குக் கண்ணில் நின்றது அந்தத் தரகருடைய நனைந்த துண்டுதான். தினமும் இரண்டு வேளை இவள் கையால் வாங்கித் தின்றிருக்கிறேன். இவள் தின்றதை ஒருநாள் பார்த்ததில்லை. என் நோட்டில் சிவகிரிக்காரர்கள் இருந்தார்கள், வாசுதேவநல்லூர்க்காரர்கள் இருந்தார்கள். என் வீட்டுக்கு ஒரு பக்கம் இல்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடமும் அண்ணனிடமும் பேச்சை எடுத்தேன். கன்றைப் பற்றிச் சொல்ல முடியாது, மதினிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதை எப்படி நம்ப வைப்பது?

"அவளுக்கு என்னலே?" என்றாள் அம்மா. "தெனமும் பானையக் கழுவப் போடுதது நாந்தான. காலியாத்தான் இருக்கு."

"பானை காலியா இருந்தா அவ வயித்துக்குள்ள போச்சுன்னு அர்த்தமா? அவ சாப்பிட்டு நீ பாத்திருக்கியா?"

"ஒருத்தி திங்கதப் போயிப் பாத்துட்டு இருப்பாங்களா? கண்ணு பட்டுரும்லே! படிச்ச பய பேசுத பேச்சா இது?"

அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதான் தொக்கம் எடுத்தாச்சுல்லா," என்றான்.

"எடுத்தும் இறங்கலண்ணே."

"அப்பம் வேற என்னமோ இருக்கு. வெள்ளிக்கெழம அம்மன் சன்னதிச் சக்கரத்துல உக்கார வச்சிப் பாப்போம், காத்துக் கருப்பு இருந்தா ஓடிரும். மருந்து கலக்குதவன்லாம் டாக்டர் ஆயிருவானாலே?"

வெளியாரிடம் காட்டுகிற கண்டிப்பை வீட்டில் காட்ட முடியவில்லை. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் கோயில், அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. அம்மாவும் கூட வருவாள்.

நெற்றியில் குங்குமத்தோடு மதினி வந்து நின்றபோது டாக்டர் என் தாளைப் படித்தார். "நாலு வருஷம்னு எழுதியிருக்கே. யார் சொன்னது?"

"அவங்களேதான் சார்."

"சாப்பிடச் சொல்லு. நான் பார்க்கணும்."

டீக்கடையிலிருந்து இரண்டு இட்லி வாங்கி வந்தேன். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் அதட்டினார். அவள் இன்னும் குறுகினாள். "ஆம்பளைக முன்னால எப்படித் திம்பா?" என்று அம்மா அவளுக்குப் பரிந்து பேசினாள். வரிசை வெளியே சத்தம் போட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இதோ, இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மருந்து கலக்கிற அறையில் ஒரு துணித் தட்டி உண்டு. அதற்குப் பின்னால் மதினியையும் அம்மாவையும் உட்கார வைத்தேன். "அம்மா, நீ பாரு. பாத்ததப் பாத்தபடி எங்களுக்குச் சொல்லு. அது போதும்," என்றேன். டாக்டர் தட்டிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு படாது, தின்னுட்டி," என்றாள் அம்மா உள்ளே. பிறகு எங்களுக்காகச் சத்தமாக, "ஒரு விள்ளல் வாயில போட்டுட்டா. மெல்லுதா."

கொஞ்ச நேரம்.

"மெல்லுதா... இன்னும் மெல்லுதா. ஏட்டி, இட்லிதான, முழுங்கு."

டாக்டர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார்.

"இப்பம் முழுங்குதா. கழுத்த நீட்டுதா. கண்ணுல தண்ணி வருது. தண்ணி வேணுங்கா... குடிச்சிட்டா. இறங்..."

உள்ளே ஒரு ஓங்கரிப்புச் சத்தம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தட்டியைப் பார்த்தேன்.

"ஏட்டி," என்றாள் அம்மா, மிகவும் தாழ்ந்த குரலில். "என்னட்டி இது? கோழிக்குஞ்சுக்குப் போடுத அளவுதானட்டி. தெனமும் இப்படித்தானா?"

தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பம் பானைச் சோறு எங்கட்டி போச்சு?"

மதினிக்குக் கொடுத்த வாக்கை நினைத்து நானும் கன்றைப் பற்றிச் சொல்லவில்லை.

டாக்டர் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார், வழவழவென்று ஒரு சொரசொரப்பும் இல்லை. வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. நகங்களைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்போல இருந்தன. புத்தகத்தில் இதையெல்லாம் நான் படித்திருந்தேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் இந்த விரல்கள்தான் எனக்குச் சோறு போட்டன.

"கட்டி மாதிரித் தெரியலை," என்றார் டாக்டர். "உடம்பில் ரத்தம் இல்லை. இரும்புச் சத்து சுத்தமாகப் போயிருக்கிறது. அப்படிப் போனால் சில பொம்பளைகளுக்குத் தொண்டையில் மெல்லிசாக ஒரு ஜவ்வு விழும். சோறு அதில் நிற்கும். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால்தான் நிச்சயம். அதுவரைக்கும் இரும்பு மருந்து கொடு. நாள் கடத்தினால் பின்னால் வேறு ஏதாவது வரலாம்."

அம்மா என்னைத் தனியாக இழுத்தாள். "ரத்தம் இல்லேங்காரு. அது செரி. தொண்டைக்கு என்ன மருந்து?"

"அதாம்மா தொண்டைக்கும் மருந்து."

"ரத்தத்துக்குக் குடுக்குத மருந்து தொண்டைய எப்படித் தொறக்கும்?"

மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் அதே கேள்வி வந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. நேரே தொழுவுக்குப் போய்க் கன்றை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள். மதினி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். திட்டு வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. "இதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

ஆனால் அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. மருந்துப் பாட்டிலில் அளவு தெரிய, வேளைக்கு ஒரு வெட்டு வைத்துத் தாளை நானே கத்தரித்து ஒட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மருந்து இரண்டு வெட்டுத்தான் இறங்கியிருந்தது. மலம் கறுப்பாகப் போகிறது என்று மதினி பயந்து நிறுத்தியிருக்கிறாள். இரும்பு குடித்தால் அப்படித்தான் போகும் என்று நான் சொல்லவில்லை. அவள் என்னிடம் எப்படிக் கேட்பாள்? மறுபடி ஆரம்பித்தோம். திருநெல்வேலிக்குப் போவோம் என்றால் அண்ணன் "நடவு முடியட்டும்" என்றான். நடவு முடிந்ததும் "அறுப்பு ஆகட்டும்" என்றான். தினமும் சாப்பிட உட்காரும்போது நான் அதையே கேட்டேன். ஒருநாள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "ஒரு மாசம் நீயும் கஞ்சித் தண்ணி குடிச்சிப் பாருண்ணே," என்றேன். அண்ணன் கையை ஓங்கினான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்தேம்லே. நாளைக்கே கூட்டிட்டுப் போ," என்றாள். அறுப்புக்கு முன்னாலேயே போனான்.

அங்கே சுண்ணாம்புக் கரைசல்போல ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஜவ்வுதான். ஒரு குழாயை உள்ளே விட்டதும் அது கிழிந்து வழிவிட்டதாம். நாலு வருடத் துன்பம், சில நிமிட வேலை. மருந்தை மட்டும் மாதக்கணக்கில் விடாமல் குடிக்கச் சொன்னார்கள். இமைக்குள் சிவப்பு வர அடுத்த ஆடி ஆகிவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு அண்ணன் எல்லாரிடமும், "உள்ள ஒரு ஜவ்வு இருந்துச்சு, குழாய விட்டு எடுத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள், "அதுவும் தொக்கந்தான்" என்று தலையாட்டினார்கள். மறுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரும்பு குறைவதற்குக் காரணம் போதாத ஆகாரம், அடுத்தடுத்த பிரசவம் என்று போட்டிருந்தது. ஆகாரம் ஏன் போதாமல் போயிற்று என்று அதில் இல்லை. மதினி கடைசியில் உட்கார்ந்து, குழம்பில் அடி மண்டியும் கீரையில் காம்பும் எத்தனை வருடம் தின்றாள் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது தொண்டை என்று யாராவது ஒரு பெண்ணைக் கூட்டி வந்தால், கூட வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இவங்க சாப்பிட்டுக் கடேசியா எப்பம் பாத்திய?" என்பதுதான். அநேகமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிலர் கோபப்படுவார்கள்.

மதினி இன்றைக்கும் கடைசியில்தான் சாப்பிடுகிறாள். எங்களோடு உட்காரச் சொல்லிச் சொல்லி நான் தோற்றுப்போனேன். அம்மா மட்டும் தன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்காருகிறார்கள். கண் பட்டுவிடும் என்று அம்மா பாதி முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். ஆனால் ஊர்க்கதை பேசுகிற சாக்கில் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

கன்றுக்குத்தான் வருத்தம். மத்தியானம் ஆனால் அது புறவாசலில் வந்து நின்று கத்தும்.

"போ சவமே," என்பாள் அம்மா, வாயில் சோற்றோடு. "இங்க ஒனக்கு ஒண்ணும் இல்ல."